கோயிலுக்கு மேல

ஆல்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி இருபத்தாறு என்று தட்டிவிட்டுத்தான் உமாராணி நிமிர்ந்து ‘வாங்க’ என்பாள். திரையில் → விழுந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அவளுடைய டிடிபி கடை. உப்பு வியாபாரியின் விலைப்பட்டியலோ கப்பல் ஏஜெண்டின் கடிதமோ, அம்பு பாயாமல் அங்கிருந்து வெளியே போகாது.

வார்த்தைகள் மேல் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம். “ ‘இதிலிருந்து அதற்கு’ன்னு எம்புட்டு எழுத்து தட்ட? ஒரு அம்பப் போட்டா எழவு முடிஞ்சுது” என்பாள். எழவுக்கும் போட்டாள். ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் பெரியவர் படத்துக்குப் பக்கத்தில் ↑ போட்டுவிட, வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று அம்மா சீனித்தாய் நடுங்கினாள். வந்தவர்களோ, அப்பா நேரே மேலேதான் போயிருப்பார் என்று பூரித்து இன்னும் கொஞ்சம் பிரதி கேட்டார்கள்.

ஜெயகணேஷும் அம்பால் வந்தவன்தான். சாத்தான்குளத்தில் பாத்திரக்கடை. கடைக்கு வெப்சைட் போட்டிருந்தான். வேர்டில் தட்டி அதில் ஒட்டிய அம்பெல்லாம் à என்று உச்சியில் கொம்பு முளைத்த எழுத்தாக நின்றன.

“அது அம்பே இல்ல. வேஷம் கட்டுன எழுத்து. ஃபாண்ட் மாறுனா சாயம் வெளுத்துரும்” என்று சொல்லி, எல்லாவற்றையும் யூனிகோடு அம்பாக மாற்றிக் கொடுத்தாள். அதன் பிறகும் பிழையே இல்லாத பக்கத்தைத் திருத்த அவன் பஸ் ஏறி ஏறி வந்தான். உமாராணிக்கு விஷயம் புரிந்தது, பிடித்தும் இருந்தது. வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள், இந்த இடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அம்மாவிடம் வாய்விட்டே சொன்னாள்.

பெண் பார்க்க நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வழி கேட்டார்கள். பிள்ளையார் கோயிலுக்கு மேல ரெண்டாவது வீடு என்று சீனித்தாய் சொல்ல, மகள் ஃபோனில் தட்டினாள். அம்மா சொன்னது மேற்கை. அந்தப் பக்கத்தில் மேல என்றால் மேற்குதான். கைப்பழக்கம் யாரை விட்டது? ‘பிள்ளையார் கோயில் ↑ 2’ என்று செய்தி போய்ச் சேர்ந்தது.

கோயில் வாசலில் வேனை விட்டு இறங்கியவர்கள் அம்பைப் பார்த்தார்கள், அண்ணாந்தார்கள். எதிரிலேயே ஒரு மாடி வீடு. நேரே இரண்டாவது மாடிக்கு ஏறிவிட்டார்கள். அங்கே குடியிருந்த வன்னியபெருமாள் அண்ணாச்சிக்கும் கல்யாண வயதில் ஒரு மகள். பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று அவர்கள் சொன்னதும், தரகர் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டார் போல என்று எண்ணிக்கொண்டு, அவர் கேசரி கிண்டச் சொல்லிவிட்டார்.

பட்டுச்சேலை கட்டி உமாராணி காத்திருந்தாள். ஆளைக் காணோம். ஃபோன் அடித்தது.

“நாங்க வந்து உக்காந்தாச்சு. நீங்க உள்ள இருக்கியளா?” என்று ஜெயகணேஷ் குசுகுசுத்தான்.

வெறும் கூடத்தைப் பார்த்தாள். “எங்கன இருக்கிய?”

“மேலதான். நீங்கதான அம்பு போட்டிருந்திய.”

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மாடியில் கைப்பிடிச் சுவரோரம் கேசரித் தட்டோடு அவன் நின்றிருந்தான். கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். உள்ளே அண்ணாச்சி மகள் பூ வைத்து முடித்திருப்பாள். உமாராணி கோயில் வாசலில் விறைப்பாக நின்று, வலக்கையை மடங்காமல் மேற்கே நீட்டினாள். அவன் தட்டைச் சுவரில் வைத்துவிட்டுப் படியிறங்கி வரும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.