வாங்க என்று கேட்டவர்

சௌந்திரத்தின் புருஷன் நாச்சிமுத்துவுக்கு, வந்தவர்களை 'வாங்க' என்று கேட்பதில் ஒரு கிறுக்கே உண்டு. எடப்பாடிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் முகம் பார்த்து 'வாங்க' என்று கேட்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் சோற்றில் கை வைக்கமாட்டார், அடுத்த நோம்பி பண்டிகைக்கு எட்டியும் பார்க்கமாட்டார். நாச்சிமுத்து யாரையும் விட்டதில்லை. அதனாலேயே அந்த வீட்டுக்கு ஊரில் ஒரு மரியாதை, அந்த மரியாதையில் சௌந்திரத்துக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், கிணற்றில் எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும்போது வடம் அறுந்தது. வடத்தின்மேல் உட்கார்ந்து எருதுகளை ஓட்டிக்கொண்டிருந்தவர் மல்லாக்க விழுந்தார். பின்மண்டை கல்லில் மோதியது. காயம் ஆறிவிட்டது என்று ஈரோட்டு டாக்டர் அனுப்பிவைத்தார். ஆள் ஆறவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பெண்சாதியின் முகம் தெரியவில்லை, மகளின் பெயர் தெரியவில்லை. 'வாங்க' மட்டும் மிஞ்சியிருந்தது. வந்தவரையே திரும்பத் திரும்பக் கேட்டார். நாயைக் கேட்டார். தண்ணீர்க் குடத்தோடு வரும் சௌந்திரத்தை ஒவ்வொரு நடைக்கும் கேட்டார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, அவளுக்கு மானம் போயிற்று. "செத்த நேரம் சும்மா இருங்க" என்று அதட்டுவாளே தவிர, ஒருநாளும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

மகள் வசந்தாமணிக்கு வந்த இரண்டு இடங்கள், 'அப்பனுக்குப் பைத்தியம்' என்ற பேச்சிலேயே தட்டிப்போயின. மூன்றாவதாகத் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வெள்ளியங்கிரி தன் மகனுக்குப் பெண் கேட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார். இதையும் விட்டால் பெண் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று சௌந்திரம் பயந்தாள். அன்று காலை நாச்சிமுத்துவை மாட்டுக் கட்டுத்தறிக்கு இழுத்துப் போய், அவர் காலைக் கயிற்றால் முளைக்குச்சியில் கட்டினாள்.

"வாங்கம்மிணி" என்றார் அவர், குனிந்து கட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து.

வெள்ளியங்கிரி வந்தார். "ஊட்டுல அவரு இல்லீங்க. கண்ணபுரத்துக்கு மாடு புடிக்கப் போயிருக்காரு" என்று சௌந்திரம் வாய் கூசாமல் சொன்னாள். பதற்றத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். சம்பந்தம் பேச வரும் குடியானவர் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மாட்டைப் பார்ப்பார். மாடு நிற்கும் லட்சணத்தை வைத்துத்தான் வீட்டை எடைபோடுவார். வெள்ளியங்கிரியும் மோரைக் குடித்துவிட்டு நேராகக் கட்டுத்தறிக்கு நடந்தார்.

அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், "வாங்க" என்ற குரல் கேட்டுவிட்டது.

"வந்தேனுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

"வாங்க."

"வந்தேனுங்க. சௌக்கியமா இருக்கறீங்களா?"

எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொன்னார். சாணத்துக்குப் பக்கத்தில், அவரோடு சமமாகக் குந்தவும் செய்தார். நாச்சிமுத்துவின் முகத்திலிருந்த தவிப்பு மெல்ல அடங்கியது. கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டு மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கய்யனும் கடைசீல இப்படித்தானுங்கம்மிணி. பதில் வரலீன்னா, வந்தவிய கோவிச்சுக்கிட்டாங்களோன்னு பயந்துக்கிட்டு மறுக்கா மறுக்காக் கேப்பாரு" என்றார் வெள்ளியங்கிரி.

அவர் கண் கயிற்றில் போய் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் இன்னொரு பொய்யாவது சொல்லித் தப்பித்திருப்பாள். கட்டியவளே அவிழ்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கயிற்றைத் தொடவுமில்லை. எழுந்து நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணப் பந்தல்ல எல்லாத்தையும் நீங்கதானுங்க வாங்கன்னு கேக்கோணும். போயிட்டு வாரேன்."

சௌந்திரத்திடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறினார். சம்பந்தம் கூடிவிட்டது. அவளுக்கோ நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வண்டி போன பிறகு கட்டுத்தறிக்குள் திரும்பிப் போனாள்.

"வாங்கம்மிணி."

"வந்தேனுங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. பக்கத்துத் தரையைக் கையால் துடைத்து இடம் காட்டினார்.

"உக்காருங்க. எந்திரிச்சு வந்து கேக்கலீன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. யாரோ காலக் கட்டிப்போட்டுட்டாங்க. எங்கூட்டுக்காரி இப்ப வந்துருவா. அவ பாத்தா அவுத்து உட்டுருவா."

சௌந்திரம் குனிந்து அவர் காலைப் பிடித்தாள். அவளே இறுக்கிப் போட்ட முடிச்சு, அவிழ வெகு நேரமாயிற்று.