தரும வீட்டு யன்னல்கள்

அப்பா இறந்த அடுத்த வருடம், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒஸ்லோவில் ஒரு பழைய தரும வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் ஓர் அறை கிடைத்தது. கணவனை இழந்தவர்கள் தெருவில் நிற்கக்கூடாது என்று யாரோ ஒரு வணிகர் முன்னொரு காலத்தில் கட்டிவைத்தது. நடுவில் கல் பாவிய முற்றம்; மூன்று பக்கமும் வரிசையாக அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு, பெரிய யன்னல். யன்னல்கள் எல்லாம் முற்றத்தையே பார்க்கும். தெருப்பக்கம் வெறும் சுவர்தான்.

அம்மாவின் அண்ணனான பெரிய மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, புருசெத்தில் இருந்த தன் வீட்டுக்கு எங்களைக் கையோடு கூட்டிப்போக வந்தார். தாழ்வான வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டதில் கோபம் இன்னும் கூடிவிட்டது.

“மடத்திலை வந்து இருக்கிறியோ? சனம் என்ன கதைக்கும்? வெளிக்கிடு.”

“இது என்ரை கதவு, அண்ணை. நானே பூட்டலாம், நானே திறக்கலாம்” என்றார் அம்மா.

வீட்டுச் சண்டை அயலுக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் கொள்கை. மாமா யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு மறுபடி தொடங்கினார். நான் மாமா பக்கம். அவர் வீட்டில் வீடியோ விளையாட்டு இருந்தது. என் சட்டைகளை அதற்குள் பையில் அடைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர் அறை ஆச்சி, வீட்டுச் செருப்போடு பனியில் நின்றார். பின்னால் இன்னும் இரண்டு ஆச்சிகள், ஒருவர் கையில் மருந்துப் பெட்டி. பகலில் திரை மூடியிருந்தால் உள்ளே யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று ஓடிவருவது அந்த வீட்டு வழக்கமாம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும், மாமாவின் வீங்கிய நெற்றிக்குக் கேளாமலே மருந்து பூசினார்கள். மாமா குனிந்து கொடுத்தார்.

அவர்கள் போனதும் அவரே திரையை விலக்கினார்.

“புது வீட்டுக்குப் பால் காய்ச்சினனியோ?”

அம்மா இல்லையென்று தலையாட்டினார். கணவனை இழந்தவர்களை நல்ல காரியங்களில் ஒதுக்கிவைப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். மாமா கடைக்குப் போய்ப் பால் வாங்கிவந்து அடுப்பைக் காட்டினார்.

“நீயே பொங்க வை.”

அந்த வணிகரையும் ஆச்சிகளையும் மாமாவையும் இன்று நன்றியோடு நினைக்கிறேன். அன்று, மாமா எங்களை விட்டுவிட்டுப் போகிறாரே என்றுதான் அழுதேன். பொங்கிய பாலுக்கு முன் நின்று அம்மாவும் அழுதார். இருவருக்கும் ஒரே கவலை என்று எண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதேங்கோ அம்மா” என்றேன். “அடுத்த கிழமை போவம்.”