லேமினேஷன் போட்ட பில்கள்

என் கணவர் பம்ப்செட் உதிரிபாகங்கள் விற்க ஊர் ஊராகப் போய் வருவார். மாசியில் மணப்பாறை போய்விட்டு ஸ்ரீரங்கம் திரும்பும்போது, பஸ்ஸிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். அவருடைய வருமானவரிக் கணக்கை நான்தான் முடிக்க வேண்டியிருந்தது.

"லாட்ஜ் பில், ஓட்டல் பில் எல்லாம் பத்திரமா கொண்டு வாங்கம்மா. வெளியூர் போன செலவை வருமானத்துல கழிச்சுக்கலாம்" என்றார் ஆடிட்டர்.

எங்கள் வீட்டில் பத்திரம் என்றால் லேமினேஷன்தான். ரேஷன் கார்டிலிருந்து பிள்ளைகளின் மார்க் ஷீட் வரை அப்படித்தான் வைத்திருக்கிறோம். அவர் சட்டைப்பையில் கிடந்த கடைசி ஓட்டல் பில்லையும் சேர்த்து, எல்லாவற்றையும் பெரிய லேமினேஷன் உறை ஒன்றில் வரிசையாக அடுக்கி ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன்.

"இந்தத் தாள் சூடு தாங்காதுங்க" என்றார் கடைக்காரர். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

"பரவால்ல, போட்டுடுங்க" என்றேன்.

மெஷினிலிருந்து வெளியே வந்தபோது எல்லாம் கறுப்பாக இருந்தன. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

ஆடிட்டர் கோபப்படவில்லை. "லாட்ஜ்ல நகல் கேட்டுப் பாருங்க. சாப்பாட்டு பில்லை விட்டுடலாம்" என்றார். லாட்ஜ்களில் கொடுத்தார்கள்.

இப்போது வியாபாரத்துக்கு நானே போகிறேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் பில்லைப் போனில் படம் எடுத்துவிடுகிறேன்.

வரியில் பெரிய நஷ்டமில்லை. அன்று மதியம் அவர் என்ன சாப்பிட்டார் என்பது அந்தக் கடைசி பில்லில்தான் இருந்தது. நான் அதைப் படித்துப் பார்க்காமலே கொடுத்திருந்தேன்.