கதிர்வேல் சார்ஜில் போட்ட பேட்டரி

மோகனூர்ப் பக்கம் கல்யாணம் என்றால் படம் பிடிக்கக் கதிர்வேல்தான். கேமரா கழுத்தில் ஏறிவிட்டால் மாமன் மச்சான் என்று பார்க்கமாட்டான். "போனைக் கீழ எறக்குங்க, பொண்ணு மூஞ்சிய மறைக்குது" என்று ஒரு அதட்டுப் போடுவான். ஊரும் அடங்கிப்போகும்.

அவனை மலேசியாவுக்கே கூட்டிப்போனது சென்னியப்பன் குடும்பம். மகன் பிரபாவுக்கு அங்கே வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் கல்யாணத்தையும் அங்கேயே வைத்தார்கள். சீர் செய்கிற அருமைக்காரரைக்கூட விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். சென்னியப்பன் மட்டும் இடுப்பெலும்பு முறிந்து ஊரிலேயே கட்டிலோடு கிடந்தார்.

"எம்புள்ள மைதிலி தம்பிக்கு இணைச்சீர் செய்யறத நான் பாக்கோணும் சாமி. போன்ல எனக்குக் கண்ணு தெரியறதில்ல. கதவாட்டம் பெருசாப் போட்டுக் குடு."

"செவுத்துல மாட்டிட்டுத்தானுங்க எனக்கு மறுவேலை" என்று சொல்லிவிட்டுப் போனான் கதிர்வேல்.

போன அன்றே ஊர் சுற்றிப் படம் பிடித்ததில் பேட்டரி இரண்டும் தீர்ந்தன. அவன் சார்ஜரின் உருண்டைக் கம்பி அந்த ஊர்ச் சுவர்ப் பிளக்கில் நுழையுமா? நுழையவில்லை. கல்யாணத்தன்று விடியற்காலையில்தான் ஓட்டல் வரவேற்பில் உட்கார்ந்திருந்த தமிழ்ப்பெண் ஒரு அடாப்டரைக் கொடுத்தாள். "இத மாட்டிக்குங்க அண்ணே, சரியாயிடும்."

சரியாகத்தான் ஆனது. அவன் குளித்து முடிப்பதற்குள் ஒரு பேட்டரி பாதி ஏறிவிட்டது. அதைக் கேமராவில் போட்டுக்கொண்டு மற்றதைச் சார்ஜரில் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவருகே ஒரு சந்தில் சொருகியிருந்த அட்டையை உருவிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு கதவைச் சாத்தினான். அதுதானே சாவி! சாவியை உள்ளே வைத்துவிட்டு எவனாவது வெளியே போவானா?

ஓட்டலின் கீழ்த்தள மண்டபத்தில் இணைச்சீர் ஆரம்பித்தது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு தம்பி பிரபா கையில், மறுதலைப்பு அக்கா மைதிலியிடம். ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள்.

"எறக்குங்க எல்லாரும்! பெரியவருக்குப் போற படமுங்க இது."

இறக்கிவிட்டார்கள். மைதிலி கேமராவைப் பார்த்து, அப்பாவையே பார்ப்பதுபோலச் சிரித்தாள். கதிர்வேல் அமுக்கினான். கேமரா கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி அமுக்கினான். ஒன்றுமில்லை.

"ஒரு நிமிசமுங்க, பேட்டரி மேல இருக்குது. யாரும் போனைத் தூக்காதீங்க, வந்தர்றேன்!"

ஓடினான். லிப்டு வரவில்லை, படியேறினான். கதவைத் திறந்தால் அறை இருட்டாக இருந்தது. சார்ஜரில் விளக்கில்லை. சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான். என்ன தோன்றியதோ, அட்டையைப் பழைய சந்தில் சொருகினான். விளக்கு, ஏசி, டிவி எல்லாம் ஒன்றாக உயிர்பெற்றன. சார்ஜரில் அப்போதுதான் சிவப்பு மினுக்கியது. அட்டையை உருவினால் அறைக்கே கரண்டு இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

வெறும் பேட்டரியோடு இறங்கி வந்தபோது சேலையை மடித்துவிட்டிருந்தார்கள்.

"இன்னொருக்காப் புடிச்சுக்கட்டுமுங்க, படத்துக்கு மட்டும்" என்று அருமைக்காரரிடம் கெஞ்சினான்.

"சீரு என்ன நாடகமா சாமி, மறுக்கா மறுக்கா ஆடறதுக்கு? முடிஞ்சா முடிஞ்சதுதான்."

"ஆராச்சும் ஒரு படம் எடுத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்.

"நீதான தூக்காதீங்கன்னு கத்துன?" என்றார் ஒரு மாமா.

மைதிலி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்பாகிட்ட என்னங்கண்ணா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். அந்நேரம் அவள் போன் அடித்தது. திரையில் 'அப்பா' என்று வந்தது. அவனிடம் நீட்டினாள். "நான் கதிர்வேலுங்க" என்றான்.

"கதிரு, இணைச்சீரு படத்துல நல்லா உழுந்துச்சா?"

பொய் சொல்லலாம். ஊர் போய்ச் சேர்கிறவரை அவருக்குத் தெரியாது.

"உழுகலீங்க. பேட்டரி போயிருச்சுங்க."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"செரி சாமி" என்றார். "எம்புள்ள என்ன கலர் சேலை கட்டியிருந்துது? அதயாச்சும் சொல்லு."

கண்ணெதிரே மைதிலி நின்றாள். கண் கலங்கியதில் நிறம் ஒன்றும் பிடிபடவில்லை அவனுக்கு.