அளவெடுத்த நாளில் நேராகிவிட்ட தாடை

பிறவியிலேயே என் முகத்தின் இடப்பாதி வலப்பாதியைவிடச் சிறியது. வாயைத் திறந்தால் கீழ்த்தாடை இடப்புறம் ஒதுங்கும். கல்லூரியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய நாள்முதல் அதனை நடுவில் இழுத்துப் பிடித்துப் பேசப் பழகிக்கொண்டேன். மாணவர்கள் அதை மிடுக்கு என்று எண்ணினர், நான் மறுத்ததில்லை.

ஓய்வுபெற்றபின் இடப்பக்க மூட்டு பழிதீர்க்கத் தொடங்கியது. மெல்லும்போதெல்லாம் சொடக்கிடும் ஒலி. வலி காதுவரை ஏறும். பந்தியில் வடையைக் கண்டால் அஞ்சும் நிலை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தாடை மருத்துவரிடம் நானும் மனைவியும் சென்றோம். இளம்பெண். அறுவை வேண்டுமா, பற்களின்மீது அணியும் தகடே போதுமா என்பதை மூட்டின் அசைவை அளந்தே முடிவுசெய்ய இயலும் என்றார்.

"எதுன்னாலும் எனக்குச் சம்மதமுங்க," என்றாள் மனைவி. "ஆப்பரேசன்னா கொஞ்ச நாளு வாயக் கட்டிப்போடுவீங்களாமே. ஊடு அமைதியா இருக்கும்."

நெற்றியில் ஒரு பட்டையும் கீழ்ப்பற்களில் சிறு கருவியொன்றும் பொருத்தினர். முன்னரே எடுத்த ஊடுகதிர்ப் படங்களைக்கொண்டு என் மண்டையோட்டைக் கணினித் திரையில் ஆக்கி வைத்திருந்தனர். நான் வாயசைத்தால் அதுவும் அசைந்தது.

"எதாச்சும் பேசுங்க ஐயா," என்றார் மருத்துவர்.

எழுந்து நின்று பேசலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அமர்ந்தபடியே ஐந்திணைகளைப் பற்றி உரையாற்றினேன். முல்லையை முடிக்குமுன் அவர் கையமர்த்தினார்.

"நேராத்தான் போகுதுங்க ஐயா. இத வெச்சுப் பார்த்தா தகடுகூட வேண்டியதில்லைன்னு வருது."

அளவு பொய் என்பதை நான் அறிவேன். வலி தீராமலே வீடு திரும்ப நேரும் என்பதையும் அறிவேன். ஆயினும் தேர்வில் முதலிடம் பெற்றவன்போல் உள்ளம் குளிர்ந்ததை மறைப்பானேன்?

"இது மேடைக்குன்னு வெச்சிருக்கற தாடைங்க டாக்டர். ஊட்டுல இருக்கறது வேற," என்றாள் மனைவி.

"அதைத்தானுங்கம்மா பார்க்கணும்," என்றார் அவர்.

தாடையைத் தளர்த்த முயன்றேன். நாற்பதாண்டுப் பழக்கம் இசையவில்லை. மனைவி நாற்காலியை என்னருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கல்யாணத்துல போட்டோக்காரர இந்தப் பக்கம் வரவே உடலீங்க இவரு. எல்லாப் போட்டோவுலயும் ஒரே கன்னந்தான்."

"அன்று மறுபக்கம் வெயில்," என்றேன்.

"மண்டபத்துக்குள்ள ஏதுங்க வெயிலு?"

"அட, சன்னலு தொறந்து கெடந்துச்சு அம்மணி. நீ பொடவய இழுத்து உட்டுட்டு இருந்தே, உனக்கெங்க தெரியும்? உங்க மாமாதான் தொறந்துபோட்டாரு…"

திரையில் என் தாடை, கயிறவிழ்ந்த கன்றுபோல் இடப்புறம் பாய்ந்தது.

"நிறுத்தாதீங்கம்மா, இன்னும் ஒரு நிமிசம்," என்றார் மருத்துவர்.

மனைவி நிறுத்துபவளா? மகளின் திருமணப் படங்களுக்குத் தாவினாள்.

பின்னர் மருத்துவர் அவ்வசைவைக் கணினியில் மீண்டும் ஓட்டி, பற்களிடையே தகடொன்று இருப்பதாகக் கொண்டு பார்த்தார். மூட்டின் முனை எலும்பில் உரசாது விலகிச் சென்றது. அறுவை வேண்டியதில்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும் விதித்தார்: இனி எங்கும், மேடையிலும்கூட, தாடையை இழுத்துப் பிடிக்கலாகாது. வடைக்காக ஒப்புக்கொண்டேன்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி அளக்கணுங்க ஐயா. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

ஆட்டோவில் மனைவி விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டேன்.

"அடுத்த தடவைக்கு எந்தக் கதைய எடுக்கறதுன்னு யோசிச்சுட்டு இருக்கறனுங்க," என்றாள்.