காய்ச்சல் மாதச் சம்பளம்

சித்திக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தம் பட்ட விரிப்புகளைத் தனியே பிரித்து இயந்திரத்தில் போட வேண்டும். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி அவள் விரல்நுனிகள் எப்போதும் உரிந்தே இருக்கும். சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று அட்டை இருந்ததால் செலவில்லை.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது நகரமே காய்ச்சலில் படுத்திருந்தது. வார்டுகள் நிரம்பி வராந்தாவிலும் கட்டில்கள். சலவைக்கூடத்தில் இரட்டை ஷிப்ட். அந்த மாதம் முழுக்கச் சித்தி நின்றபடியே தூங்கினாள்.

காய்ச்சல் அடங்கியதும் வருமானக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். அன்று பார்த்துச் சித்தியின் நாத்தனாரும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணனுக்கு வந்து வாய்ச்சீங்களே அண்ணி, ஒரு குண்டுமணி தங்கத்துக்கு வழியுண்டா?" அவள் எப்போது வந்தாலும் பாடுகிற பாட்டு.

"போன மாசம் எவ்வளவு சம்பாதிச்சீங்கம்மா?" என்றார் வந்தவர்.

சித்தி நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொகையை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "எங்க சூப்பர்வைசரே அவ்வளவு வாங்கல சார்."

நாத்தனார் அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"காய்ச்சல் மாசம்னு சொல்லு சித்தி," என்று காதில் கிசுகிசுத்தேன்.

"சும்மா இருடி. இவ முன்னாடியா?" முழங்கையால் இடித்தாள்.

வாசல்வரை ஓடி நானே அவரிடம் சொன்னேன். "எனக்குப் போன மாசக் கணக்கு மட்டும் போதுங்க," என்றபடி அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

அட்டை ரத்தானது. அலுவலகத்துக்கு ஓடினோம்.

"அடுத்த கணக்கெடுப்புக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் நீங்க ஏழை இல்லம்மா," என்றார் அங்கிருந்த அதிகாரி.

"இப்ப பழைய சம்பளம்தான் சார் வருது," என்றாள் சித்தி.

"இருக்கலாம். கோட்டைத் தாண்டிட்டீங்களே, சந்தோஷப்படுங்க."

"அது எங்க இருக்குன்னு காட்டுங்க சார். திரும்ப இந்தப் பக்கம் தாண்டி வந்துடறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

இப்போது கைக்காசு போட்டு வாரம் ஒரு டயாலிசிஸ்தான். சித்தப்பாவின் கால்கள் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. "பணக்காரனானா உடம்பு பெருக்கத்தானே செய்யும்?" என்கிறார், மூச்சு வாங்க.

நேற்று வேலை முடிந்து வந்த சித்தி அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விரிப்பு மூட்டை ஒண்ணு கூடுதலா வந்தாலே மனசு துள்ளுதுடி. ஊருக்கு மறுபடியும் காய்ச்சல் வராதான்னு கிடக்கேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?"

அவள் கையை எடுத்த பிறகும் அந்தக் காலில் விரல் பதிந்த குழிகள் அப்படியே இருந்தன.