பஸ்ஸில் இறங்கிப் போன கண்ணாடி

எனக்கு மூக்குக் கண்ணாடி என்றாலே எரிச்சல். பத்தாம் வகுப்பில் மாட்டியது, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தரையில் நடமாடும்வரை பரவாயில்லை. மிளகு பறிக்க ஏணி ஏறினால்தான் அதன் சுயரூபம் தெரியும். எங்கள் கொல்லிமலையில் தை மாதத்துக் காலையில் கண்ணாடியில் பனி படியும், வெயில் ஏறினால் வியர்வை வழியும். ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று, ஒரு கையால் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டின் நுனியில் கண்ணாடி துடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் ஏணியிலிருந்து இறங்கும்போது கண்ணாடி வழுக்கியது. பிடிக்கக் கையை நீட்டினேன். கண்ணாடி கையில் இருந்தது, ஏணிதான் காலில் இல்லை. நல்லவேளை, பாதிக்கு மேல் இறங்கியிருந்தேன். மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று.

கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த நாட்களில் என் மனைவி மெதுவாகப் பேச்செடுத்தாள். இனிமேல் ஏற வேண்டுமா, ஆள் வைத்துப் பறித்துக்கொள்ளலாமே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தேவனூர் நாட்டு ஊர்களில் நான்கு மரம் வைத்திருப்பவன்கூட அவன் மரத்தில் அவன்தான் ஏறுவான். நான் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு இன்னொருவனை ஏறச் சொல்வதா? இவளுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மரத்தை விட முடியாது. அப்படியானால் கண்ணாடியைத்தான் விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு வழி சொன்னவர் பேளுக்குறிச்சிச் சந்தையில் எங்கள் மிளகை வாங்கும் பாய். அவர் மகளுக்குச் சேலத்தில் லேசர் வைத்துக் கண்ணைச் சரிசெய்தார்களாம். கத்தி இல்லை, தையல் இல்லை, மறுநாளே அந்தப் பெண் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைக் கண்ணாடி இல்லாமல் படித்தாளாம். ஆனால் எல்லோருக்கும் செய்ய மாட்டார்கள், கண்ணின் பவர் மேலே ஏறாமல் நின்றிருக்க வேண்டும், கண்ணாடிக் கடையின் பழைய பவர் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். நான்கு வருஷத்தில் மூன்று கண்ணாடி உடைத்தவன் நான். மூன்றுக்கும் சீட்டு இருந்தது. மூன்றிலும் மைனஸ் ஐந்து. புள்ளிகூட மாறவில்லை. என் கண்ணைப் போல ஒழுங்கான கண் இந்த மலையில் யாருக்கு இருக்கும் என்று எனக்கே பெருமையாகப் போய்விட்டது.

கட்டுப் பிரித்த வாரமே சேலத்துக்குப் போனேன். டாக்டரம்மா சீட்டுகளைப் பார்த்துவிட்டு, பவர் நின்றிருக்கிறது, நல்லது என்றார். எனக்கு அங்கேயே கண்ணாடி கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு சொட்டு மருந்து விட்டார்கள். ஒவ்வொரு மெஷினாகத் தாடையை வைக்கச் சொன்னார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா திரும்பச் சீட்டுகளை எடுத்தார். மெஷின் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்தார். அதில் மைனஸ் ஆறரை.

கடைசியாக எப்போது கண் டெஸ்ட் செய்தீர்கள் என்று கேட்டார். சீட்டில் இருக்கிறதே என்றேன். அந்தக் கடைக்கு நீங்கள் போனீர்களா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எங்கே போனேன்?

எங்கள் மலையில் கண்ணாடி உடைந்தால் யாரும் அதற்காக ஒருநாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதில்லை. உடைந்ததைக் கைக்குட்டையில் முடிந்து காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அவர் கீழே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுப்பார். கடைக்காரர் மிச்சமிருக்கும் சில்லை மெஷினில் வைத்துப் பவரைப் பார்த்து, அதையே சீட்டில் எழுதி, அதே மாதிரி புதுச் சில்லு போட்டு அனுப்புவார். நான்காம் நாள் சாயங்கால பஸ்ஸில் கண்ணாடி மலையேறி வந்துவிடும். மாத்திரை, தையல் துணி எல்லாம் இப்படித்தான் போய் வரும், கண்ணாடியும் அப்படித்தான். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

நான் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "வருஷா வருஷம் உங்க கண்ணாடிதாங்க டெஸ்டுக்குப் போயிருக்கு. நீங்க போகலீங்க."

பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது லேசர் வைத்தால் பின்னாலும் ஏறும், மறுபடி கண்ணாடிதான் என்றார். லேசர் கருவிழியைக் கொஞ்சம் சீவித்தான் சரிசெய்யும், உங்களுக்கு அது ஏற்கெனவே மெல்லிசு, இந்தப் பவருக்குச் சீவினால் மிச்சம் போதாமல் போகலாம் என்றார். மரம் ஏறும் வேலை என்றதும், கிளை கண்ணில் அடிக்கும் தொழிலுக்கு இதை இன்னும் யோசிக்க வேண்டும் என்றார். நான் விடவில்லை. விழுந்த கதையைச் சொல்லி வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வருஷம் கழித்து வாருங்கள், இப்போதைக்குச் சரியான பவரில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றப் போனவன் அதைவிடத் தடித்த கண்ணாடியோடு மலையேறினேன்.

மறுநாள் காலை, புதுக் கண்ணாடியைப் போட்டு, நழுவாமல் நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறினேன். இலைக்குள் ஒளிந்திருந்த மிளகுச் சரம் ஒவ்வொன்றும் தனித்தனியாய்த் தெரிந்தது. நுனியில் சிவந்த ஒற்றை மணிகூடத் தெரிந்தது. மூன்று மரம் முடித்து, சாப்பிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் கண்ணசரப் படுத்தேன். மருந்து விட்ட உறுத்தலில் தூக்கம் வரவில்லை. எழுந்து காட்டுக்குத் திரும்பினேன்.

நான் காலையில் பறித்து முடித்த மரத்தில் ஏணி சாய்ந்திருந்தது. என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் பையோடு, பாதி ஏணியில் நின்று மேலே தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னிக்கு ஒண்ணுமே விடலீங்களே," என்றாள்.

"ஏம்புள்ள, தெனமும் விடுவேனா?"

அவள் இறங்கி வந்து பையை மடித்தாள். "மூணு வருஷமா நீங்க படுத்தப்புறம், விட்டுப்போனத நான் ஏறிப் பறிச்சு மூட்டையில போட்டுருவேங்க. சொன்னா உங்களுக்கு மனசு விட்டுப்போயிருமுன்னு சொல்லலீங்க."

அவள் இதே மலையின் திண்ணனூர் நாட்டில் பலாமரம் ஏறி வளர்ந்தவள், ஏறத் தெரியும். ஆனாலும் கீழே ஏணி பிடிக்கக்கூட ஆளில்லாமல், மூன்று மிளகுக் காலம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மூட்டை கனத்தபோதெல்லாம் என் கைராசி என்று அவளிடமே பெருமை பேசியிருக்கிறேன். ஆள் வைக்கலாம் என்று அவள் சொன்னது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் விழுந்திருந்தால் என்ற பயம்தான் அதிகம்.

மறு வருஷமும் சேலம் போனேன். பவர் இன்னும் கால் ஏறியிருந்தது. இது உங்கள் கண்ணுக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார், சரிங்க என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போதும் கண்ணாடி உடைகிறது. உடைந்தால் காலை பஸ்ஸில்தான் போகிறது, நானும் கூடவே போகிறேன். அன்றைக்கு ஏணியை மட்டும் திண்ணைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போவேன்.